அம்மா பேசிய பகுதி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம். அம்மாவின் வலது கை கொஞ்சம் தேறி வருகிறது. கரண்டியைப் பிடித்துத் தானே சாப்பிடுகிறாள். பேச்சுதான் இன்னும் திரும்பவில்லை. ஒரு சொல் வெளியே வருவதற்குள் வியர்த்துவிடுகிறது.

பக்கவாதம் வருவதற்கு முன் அவள் பேசியது எங்காவது பதிவாகியிருந்தால் உன் குழந்தைக்குப் போட்டுக் காட்டலாம் என்றாயே. வாஷிங் மெஷின் ரிப்பேரானபோது நானும் அவளும் கம்பெனிக்கு ஸ்பீக்கரில் பேசியது நினைவுக்கு வந்தது. நம்மைப் பற்றிய தகவலை நாமே கேட்டு வாங்கச் சட்டத்தில் உரிமை இருக்கிறதாம். அவர்கள் பதிவு செய்து வைத்திருந்த அந்தப் பேச்சை எழுதிக் கேட்டேன், அனுப்பினார்கள். ஆனால் அதில் என் குரல் மட்டும்தான். அம்மா பேசிய இடமெல்லாம் வெறும் அமைதி. அவள் என்னமோ சொல்கிறாள், நான் விழுந்து விழுந்து சிரிக்கிறேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

கூப்பிட்டுச் சண்டை போட்டேன். போனை எடுத்த பெண் பொறுமையாக, "சார், உங்க தகவலுக்குத்தான் உங்களுக்கு உரிமை. அவங்க பேசினது அவங்களோடது. அவங்க சம்மதிச்சாத்தான் தர முடியும்" என்றாள். கட்டிய பெண்டாட்டி குரலுக்கு நான் அனுமதி வாங்கணுமா என்று கத்திவிட்டு வைத்தேன்.

சம்மதக் கடிதம் தபாலில் வந்தது. கையெழுத்துப் போடச் சொல்லி அவள் இடது கையில் பேனாவைத் திணித்தேன். அவளோ பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து படித்தாள். பிறகு வேண்டாமென்று தலையாட்டினாள். குழந்தைக்காக என்று கெஞ்சினேன். உதட்டோடு நெடுநேரம் போராடி, "என்னோடது" என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. மாடிக்குப் போய்த் துணி உலர்த்தினேன். அவளுடைய நைட்டிகள் எல்லாமே நான் வாங்கியவை. எல்லாம் எனக்குப் பிடித்த நீலம். அங்கேதான் உறைத்தது. எந்த டாக்டர், என்ன சாப்பாடு, கட்டிலை எங்கே போடுவது, எதையும் நாம் அவளிடம் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு கம்பெனிதான் முதலில் கேட்டிருக்கிறது. அவளும் பதில் சொல்லிவிட்டாள்.

நீயும் வற்புறுத்தாதே, கண்ணு. இனிமேல் கூப்பிடும்போது, "அம்மா எப்படி இருக்கா?" என்று என்னிடம் கேட்காதே. போனை அவளிடமே தருகிறேன், அவளையே கேள். அவளுக்குச் சம்மதமென்றால் குழந்தையையும் பக்கத்தில் உட்கார வை. பதில் வரத் தாமதமாகும். பாதியில் நீயாக முடித்துவைக்காமல், அவள் சொல்லி முடிக்கும்வரை கொஞ்சம் காத்திரும்மா.

நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா