திரைக்குப் பின்னால் இருந்த தேயிலைப் பெட்டி

அன்புள்ள ராசு,

நீ போய் ஆறு மாதமாகிறது. செத்த வீட்டுக்கு நான் வரவில்லை. லண்டனுக்குள்ளேயே, வால்தம்ஸ்டோவில் இருந்து ஃபாரஸ்ட் கேட் என்ன பெரிய தூரமா? முழங்கால் நோ என்று வீட்டில் சொன்னேன். அன்று பின்னேரம் அதே முழங்காலோடு கடைக்குப் போய் மீன் வாங்கி வந்தேன்.

இப்போது எதற்கு எழுதுகிறான் என்று நீ கேட்பாய். போன சனிக்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மண்டபம். பழைய பாட்டுகளும் அவை பிறந்த கதைகளும் என்று விழா வைத்தார்கள். நம் இசைக்குழுவின் பாட்டைத் 'தமிழின் முதல் ரொக்கபிலி' என்று அறிவிப்பாளர் அறிமுகப்படுத்தினார். அந்தச் சொல்லே அந்த நாளில் நமக்குத் தெரியுமா? கப்பலில் வேலை செய்த உன் மாமா கொண்டுவந்த ஒரு அமெரிக்க றெக்கோட், அவ்வளவுதான். அதில் கிற்றார் துள்ளும், அடியில் ஒருவன் பெரிய பேஸ் வாத்தியத்தின் கம்பிகளைக் கையால் அறைவான். நமக்குப் பேஸ் ஏது? நீ ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, வீடு கூட்டுகிற தும்புத்தடியை நட்டு, கயிறு கட்டினாய். "பாடுறவன்ரை பேர் றெக்கோட்டிலை இருக்கு, அறையிறவன்ரை பேரைக் காணேல்லை மச்சான்" என்று அப்போதே சொன்னாய்.

"பாட்டின்ரை கதையைச் சொல்லுங்கோ அண்ணை" என்று அறிவிப்பாளர் மைக்கை நீட்டினார். ஐம்பது வருடமாகச் சொல்லும் கதையையே சொன்னேன். கொழும்பு ரயில், நீலக் குடை பிடித்த பெண், தண்டவாளச் சத்தத்தில் கிடைத்த தாளம். சனம் கை தட்டியது. ரயிலும் இல்லை, குடையும் இல்லை, அப்படி ஒரு பெண்ணும் இல்லை. சீ, என்ன பிறவி நான்.

பிறகு நம் பழைய படத்தைப் பெரிதாகப் போட்டார்கள். நாங்கள் மூன்று பேர், நடுவில் பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் ஆளில்லை. "பெட்டி தானா வாசிச்சதோ?" என்று யாரோ பகிடி விட, நானும் சிரித்தேன்.

எல்லாம் முடிந்து ரோல்ஸ் தட்டோடு நின்றபோது உன் மகள் சுகந்தி வந்தாள். தன்னை யாரென்று சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அங்கிள், அப்பா குடையைப் பற்றி ஒருநாளும் சொல்லேல்லை. ஒரு கலியாண வீட்டிலை தன்னைக் கர்ட்டனுக்குப் பின்னாலை இருத்தினவையாம், அங்கைதான் பாட்டு வந்தது எண்டு சொன்னவர். உண்மையே?"

"வயசு போட்டுது பிள்ளை, ஞாபகம் இல்லை" என்றேன்.

ஞாபகம் இல்லையா, ராசு? கலியாணப் பெண்ணின் தகப்பன் நீ யாருடைய மகன் என்று விசாரித்து முகம் சுளித்தது ஞாபகம். "ஆள் அங்காலை இருக்கட்டும், சத்தம் கேட்டால் காணும்தானே" என்றது ஞாபகம். எங்களுக்கு மூக்குப்பேணியில் கோப்பி வந்தது. உன் சாதிக்காரன் வாய் வைத்த பேணியை அவர்கள் பிறகு தொடமாட்டார்கள், அதனால் உனக்குச் சோடாப் போத்தல். எங்களைப் பார்க்க முடியாத இடத்தில் இருந்து, தாளம் எங்களுக்குக் கேட்க வேண்டும் என்று, இருந்த ஆத்திரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பெட்டியை அறைந்தாய். பாட்டே அந்த அடிதான். சொற்களையும் திரைக்கு மேலால் நீதான் சொல்லித் தந்தாய். கடைசியில் படம் எடுக்கப் பெட்டியோடு வெளியே வந்த உன்னை விலகி நிற்கச் சொன்னது பெண்ணின் தகப்பன் அல்ல, நான்.

சுகந்தி நகர்ந்ததும் விழாக்காரர் ஒருவர் என் காதுக்குள் கேட்டார், "அது ஆற்றை பிள்ளை? ஊரிலை எந்தப் பக்கம்?" இந்தக் கேள்வி எதைத் தேடுகிறது என்று உனக்குத் தெரியும். பாஸ்போர்ட் மாறிவிட்டது, பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராது, இந்தச் சாக்கடையை மட்டும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். அந்த மனிதரைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்தபோது அதைவிட அருவருப்பாக இருந்தது.

ஒத்திகையில் என்னை மச்சான் என்பாய். "றோட்டிலை அப்பிடிக் கூப்பிடாதை" என்று ஒருநாள் சொன்னேன். அதற்குப் பிறகும் எனக்கு ஏன் பாட்டைத் தந்தாய்?

விழா மலருக்குப் பாட்டின் கதையைக் கேட்டிருந்தார்கள். குடைக் கதையை எழுதி வைத்திருந்தேன், கிழித்துவிட்டேன். இந்தக் கடிதத்தைத்தான் அனுப்புகிறேன். பாட்டுக்குக் கீழே உன் பெயர் மட்டும் இருக்கும்.

சுகந்திக்கு டெலிபோன் எடுத்தேன். ஞாயிறு பின்னேரம் வரச் சொன்னாள். உன் வீட்டில் ஒருநாளும் பச்சைத் தண்ணீர் குடிக்காதவன், வந்து நீ குடித்த கோப்பையில் தேத்தண்ணி கேட்பேன். படத்தில் இருந்து உன்னை விலக்கியது யார் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். பிறகு அவள் எழும்பிப் போகச் சொன்னால் போவேன்.

றோட்டில் கூப்பிடாதே என்று சொன்ன,
உன் மச்சான்
தேவன்