சிஸ்வியா அப்ஸ்டார்ட்டா: தென்சேரிக்காரி எந்தப் பக்கம்

யூன் 3, செவ்வாய்

கச்சான் காற்று. வெள்ளெனவே புழுக்கம். சென்டரைக் கூட்டி, எட்டுக் கொம்பியூட்டருக்கும் துணி விலக்கி வைத்தேன். இதுதான் என் வேலை. சுனாமியில் கடல் வந்த பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. போனால் என்னிலும் சின்னப் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். இங்கே யாரோடும் கதைக்கத் தேவையில்லை. பொத்தானை அமத்தினால் போதும்.

இன்று றிப்கா அக்கா வந்தா. காத்தான்குடியிலிருந்து செவ்வாய்தோறும் பஸ்ஸில் வந்து மெஷின் திருத்துகிறவ. கையில் மெஷினை ஓட்டுகிற லினக்ஸின் புதுச் சீடி. சென்டருக்குப் பொறுப்பான ஜெகன் அண்ணனோடு பெரிய வாக்குவாதம். தேத்தண்ணி ஆறிப் போச்சு.

எல்லாம் இனிட் பற்றி. கரண்ட் வந்ததும் மெஷினுக்குள் முதலில் எழும்புவது அது. மற்றதுகளை அதுதான் எழுப்பும். எங்களிடம் இருப்பது பழைய சிஸ்வி. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு இலக்கம், ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. சீடியில் இருப்பது அப்ஸ்டார்ட். எதற்கு எது தேவையோ அது வந்த உடனே எழும்பும், இலக்கம் பார்த்து நிற்காது.

ஜெ.அ: "வரிசை எண்டா வரிசை. வயல் வட்டைக்குத் தண்ணி விடுறதும் அப்பிடித்தானே."

றி.அ: "ஓம். மேல் வயல்காரன் படுத்துக் கிடந்தா கீழ் வயல் காயும். உங்கட நெட்வேர்க் வருமட்டும் மெஷின் முழிச்சிக் கிடக்கிற மாதிரி."

கூட்டுகிற தும்புத்தடியோடு நின்று கேட்டேன். சனிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு விவாதம், பிறகு கையுயர்த்தச் சொல்லிக் கேட்பதாம். வென்றது எல்லா மெஷினுக்கும். எப்படி என்று பார்க்க மூலை மெஷினில் மட்டும் இப்பவே அப்ஸ்டார்ட் போட்டாச்சு.

யூன் 4, புதன்

மூலை மெஷின் பறக்குது!! நான் மற்றதுகளின் துணியை மடிக்க முன்னம் எழும்பிவிட்டது. மூன்று தரம் நிப்பாட்டி நிப்பாட்டிப் போட்டுப் பார்த்தேன். நான் செய்ததை ஜெ.அ காணவில்லை.

ஊருக்குள் கதை பரவி, ஒரே கூத்து. ஜெகன் அண்ணன் வடசேரி. அதனால் வடசேரி ஆட்கள் எல்லாம் சிஸ்வி. அப்ப தென்சேரி அப்ஸ்டார்ட் என்று முடிவாச்சு. கண்ணகை அம்மன் கோயில் கொம்பு விளையாட்டில்தான் ஊர் இப்படி வடசேரி, தென்சேரி என்று ரெண்டு கட்சியாய்ப் பிரியும். இரண்டு வளைந்த கொம்பைக் கொழுவி இழுக்கிறது. தோற்ற சேரியை வென்றவர்கள் வசை பாடுகிறது. எந்தச் சேரி என்பது பிறப்போடு வருவது. யுத்தத்தால் கனகாலம் கொம்பு இழுக்கவில்லை. அந்த ஆசையெல்லாம் இப்போது இனிட்டில் இறங்கிவிட்டது. மீன் விற்கிற மாமாவும் கேட்கிறார், "அப்பிஸ்டாட்டு எப்பிடி, வெல்லுமா?"

பக்கத்துத் தையல் வகுப்பு வதனி (என் கூட்டாளி, அவளும் தென்சேரி): "நம்மட பக்கத்துக்கு நீதான் கா கதைக்கோணும். ஒவ்வொரு நாளும் மெஷின் போடுறவள் நீ."

முடியாது என்று தலையாட்டினேன். முடியும் என்று விளங்கிக்கொண்டாள்.

யூன் 6, வெள்ளி

கடையில் வாங்க: சவர்க்காரம், நெருப்புப்பெட்டி.

கரண்ட் வந்து வந்து போனது. மூலை மெஷின் இடையில் நின்றுவிட்டது. திரையில் ஒரு பட்டை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என்ன நடந்தது என்று ஒன்றும் தெரியாது. பக்கத்துச் சிஸ்வி மெஷினும் நின்றது. ஆனால் அதில் வரி வரியாய் எழுதியிருந்தது, கடைசி வரியில் நெட்வேர்க். அந்த வயரைக் கழற்றித் திரும்பக் கொழுவினேன், எழும்பியது.

நான் இவ்வளவும் படித்தது அந்த வரிகளைப் பார்த்துத்தான். யாரையும் கேட்காமல்.

அப்ப நான் சிஸ்வி. ஐயோ.

அம்மாவிடம் சொன்னேன். மீன் கழுவிய கை அப்படியே நின்றது. "கதைக்காம இருந்தா இரு. பக்கம் மாறிக் கதைக்கிற பழக்கம் மட்டும் இந்த ஊருல வேணாம் மகள்."

"இது கொம்பியூட்டர் அம்மா."

"எதெண்டாலும்."

யூன் 7, சனி

சென்டர் நிறைய ஆட்கள். யன்னலுக்கு வெளியிலும். ஜெ.அ வரிசையைப் பற்றிச் சொன்னார், றி.அ வேகத்தைப் பற்றி. கரண்ட் இருக்கிற கொஞ்ச நேரத்தில், கட்டாரிலிருக்கிற மகனின் ஈமெயில் பார்க்க வந்த தாய் ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்டா. சரியான கேள்வி. வதனி என்னை இடித்து எழுப்பிவிட்டாள்.

"நான் தென்சேரி," என்றேன். கைதட்டல், விசில்.

"ஆனா எனக்குச் சிஸ்விதான் விருப்பம்."

அம்மா கதவடியில். வதனி கத்தினாள், "அடியேய்!"

நான் நிப்பாட்டவில்லை. வேகம் நல்லதுதான், ஆனால் விழுந்தால் எங்கே விழுந்தது என்று தெரிய வேண்டும் என்றேன்.

றி.அ: "பட்டை வெறும் படம் புள்ள. அது இனிட் இல்ல. எடுத்துப்போட்டா வரி தெரியும்."

"தெரியும் அக்கா. ஆனா எல்லாம் ஒண்டா எழும்பினா வரியெல்லாம் கலந்துதானே வரும்? எது எதுக்காக நிக்குதெண்டு எப்பிடிப் பாக்கிற?"

றி.அ: "கஷ்டம்தான்." பிறகு சிரித்தா. "எனக்கு உங்கட சேரி ஒண்டும் தெரியா. இஞ்ச மெஷினப் பாத்துக் கதைச்சது இவள் ஒராள்தான்."

கை உயர்த்தினார்கள். அப்ஸ்டார்ட் வென்றது! தென்சேரி ஆட்கள் கூடுதலாய் வந்திருந்தார்கள், அவ்வளவுதான். வதனி அந்த இடத்திலேயே வசை கட்டினாள்: "சேரி மாறின சின்னப்புள்ள, சிஸ்வி உனக்குச் சோறு போடுமோ!" எல்லாரும் சேர்ந்து பாட, நானும் பாடினேன். என்னைப் பற்றிய பாட்டை நானே.

நான் வரிகளைப் பார்த்துப் படிக்க, மூலை மெஷினுக்கு மட்டும் பழையதைத் திரும்பப் போடச் சொன்னா றி.அ. மற்ற ஏழுக்கும் செவ்வாய்க்கிழமை அவவோடு நானும் சீடி போட வேணுமாம்.

யூன் 8, ஞாயிறு

தொண்டை கட்டிவிட்டது. அம்மா மல்லி அவித்துத் தந்தா. முகத்தைப் பார்க்காமல் கேட்டா, "ரெண்டு வசனம் கதைச்சதுக்கா இப்பிடி?"

ரெண்டில்லை அம்மா.