வாசல் குடித்த தண்ணீர்

உ

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்
12-5-1973

அன்பு மகள் கிருஷ்ணவேணிக்கு அம்மா எழுதுவது. காமாட்சி தயவில் இங்கே அப்பா, அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்கவேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். உனக்கு வளையல் போட்டுவிட்டு ரயில் ஏறின நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் பக்கத்து வீட்டு ரோசிலி கட்டிக் கொடுத்த மரவள்ளிக்கிழங்கு ஜோலார்பேட்டை வரைக்கும் வந்தது.

வந்ததிலிருந்து உன் கொச்சித் தீவைப் பற்றித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கருட சேவைக்கு நம் ஊரில் ஜனம் தோளோடு தோள் இடிக்கும், மறுநாள் வண்டி ஏறிப் போய்விடும். அங்கே தினமும் கருட சேவை, போகத்தான் இடமில்லை, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல். மாப்பிள்ளை சொன்னாரே, போன மழையில் கடல் முன்வரிசை வீடுகளை எடுத்துக்கொண்டது, அந்த ஜனமெல்லாம் பின்வரிசையில் வந்து ஒண்டிக்கொண்டது, துறைமுக வேலைக்கு வந்தவர்களும் அங்கேயே குடிசை போட்டார்கள், ஆளாளுக்குக் குழி தோண்டி இறைத்து இறைத்துக் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது, கரையோரத்து மரங்களை அடுப்புக்கு வெட்டினதில் கரையும் நிற்கவில்லை என்று. கேட்டபோது எனக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. பிழைக்க இடம் தேடி வந்தவர்கள்தானே எல்லோரும், நீங்களும் அப்படித்தானே.

குடிதண்ணீர் படகில் வருகிறது என்று நீ முன்பே எழுதியிருந்தாய், எனக்குத்தான் உறைக்கவில்லை. கிணற்றுத் தண்ணீரில் வாசல் தெளித்தால் காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் பூத்துக் கோலமே தெரியவில்லை, பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடாயிற்றே என்று நல்ல தண்ணீர்க் குடத்தைத் தூக்கி ஊற்றினேன். தினமும் ஊற்றினேன். குடம் எப்படியோ மறுபடி நிறைந்திருந்தது, நீ பிடித்து வைக்கிறாய் என்றிருந்தேன். அலை அதிகமாகிப் படகு வராத அன்றுதான் ரோசிலி தன் பங்கிலிருந்து ஊற்றி வைத்தது தெரிந்தது. அன்றைக்கும் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அம்மே, உங்க வாசல் வயிறு நிறையக் குடிச்சாச்சு, இனி நாம குடிக்க வேண்டாமா என்று. நீ தலையைக் குனிந்துகொண்டாய். கேட்டதற்கு, கோலம் போடும்போது உன் முகம் மலர்ந்து இருந்துதும்மா, எப்படிச் சொல்றது என்றாய். நம் வம்சத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கினவள், ஒரு வார்த்தை சொல்ல அவ்வளவு கூச்சமா கண்ணு. அத்தனை வாய் இருக்கிற வீட்டிலிருந்து முகம் சுளிக்காமல் கொடுத்தாளே, அந்தப் புண்ணியவதியை நான் மறக்கமாட்டேன்.

நம் தெருவிலும் வீடு பெருகிவிட்டது, சாயத் தண்ணீர் இறங்கி இரண்டு கிணறு கெட்டுவிட்டது. இப்போது சொம்பில் எடுத்துக் கையால்தான் தெளிக்கிறேன். எதிர்வீட்டு எல்லம்மாள், என்னாக்கா, கொச்சிக்குப் போயிட்டு வந்து வாசலுக்குத் தீர்த்தம் குடுத்துக்கினு இருக்கிறே என்று கேலி செய்கிறாள். செய்யட்டும்.

உன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் வருகிறேன் என்றாய், நம்பித்தான் உன்னை விட்டுவிட்டு வந்தேன். இப்போது, பிரசவத்தை இங்கேயே பார்த்துக்கொள்கிறேன், தறிக்கும் அண்ணன் குடும்பத்துக்குமே அங்கே இடம் போதாது என்று எழுதியிருக்கிறாய். மழை பிடித்துக் கடல் ஏறுகிற நேரத்தில் உன் வீட்டுச் சந்துக்குள் மருத்துவச்சி எப்படி வருவாள் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் கடிதத்தை அண்ணன் படிக்க அப்பாவும் கேட்டார். நெய்து முடித்த சேலையை மறுநாள் தறியிலிருந்து அறுத்தார், புதுப் பாவு நூலைப் பிணைக்கவில்லை. பாவு கொண்டுவந்த முதலாளி வீட்டு ஆளிடம், ஆவணிக்கு மேல வாப்பா, தறி எடத்துல தூளி கட்டணும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஜுரத்திலும் தறியை விட்டு எழுந்திருக்காத மனுஷன், தறிக்குழிமேல் பலகை போட்டு அவரே சாணம் மெழுகினார். அண்ணி தன் பெட்டியை நகர்த்தி உனக்கு மூலை ஒழித்துவிட்டாள். இனி இடமில்லை என்ற பேச்சு வேண்டாம்.

மழைக்கு முன்னால் புறப்படு. ரோசிலி உன்னைக் கொண்டுவந்து விடுகிறேன் என்றாளே, வெறுமனே விட்டுவிட்டுத் திரும்பக்கூடாது, நீ பிள்ளை பெற்றுக் குளித்து எழும்வரை அவளும் இங்கேயே இருக்கட்டும் என்று சொல். இதையாவது வாய் திறந்து சொல். நீங்கள் வந்து இறங்குகிற அன்று ஒரு குடம் தண்ணீரை முழுசாக ஊற்றி வாசல் தெளிக்கப்போகிறேன், எல்லம்மாள் பார்க்கட்டும்.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசிகள். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நூறு வருஷம் இரு.

உன் வழி பார்த்திருக்கும் அம்மா,
தணிகாசலம் லோகாம்பாள்