துண்டு வீசிய கை

புரட்டாசி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் சௌந்தரபாண்டியனுக்கு அம்மா மீனாட்சியம்மாள் எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் பேத்தி ஐஸ்வர்யாவும் அந்த மஸ்கட்டு வெயிலில் சுகமாயிருக்க நம்ம காளியம்மா துணை. இங்கே எனக்கு உயிர் இருக்கிறது, முழங்கால் இல்லை, கண்ணில் பாதி இல்லை, ஞாபகம் மட்டும் முழுசாக இருக்கிறது. போனில் சொல்லாமல் எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறக்கும் முன்னே எம்மா எம்மா என்று குறுக்கே விழுகிறாய், அழப்போகிறவன் மாதிரி மூச்சை வேறு இழுக்கிறாய். கடுதாசியில் குறுக்கே பேச முடியாது. மூணாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும், சிரமப்பட்டுப் படி. உன்னை வளர்க்க நான் இதைவிடச் சிரமப்பட்டிருக்கிறேன்.

கருப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று செத்துவிட்டது. நீ அனுப்பிய கம்பளி வந்தது, இந்த ஊருக்கு எதற்குக் கம்பளி, ஆட்டுக்குட்டிக்கு விரித்திருக்கிறேன். கயத்தாற்றுச் சித்தி மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை, உன் அப்பா செத்தபோது அவள் பதினாறாம் நாளுக்குத்தான் வந்தாள், அதுவும் சாப்பாட்டு நேரத்துக்கு. இனி விஷயத்துக்கு வருகிறேன். கையெழுத்துப் போடு, போடு என்று வாரம் தவறாமல் போனில் நச்சரித்தாயே, அது என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் முதலிலிருந்து எழுதுகிறேன், நீ மறந்தவன் மாதிரிப் பேசுவதால். நம்ம ஊருக்குத் தீயணைப்பு நிலையம் வருகிறது. நிலையத்துக்கு இடம் கொடுத்தது நம்ம ஊர்ப் பெரிய வீட்டு மகாராஜா, பேர்தான் மகாராஜா. ரோடு பிரிகிற ஓடைமரத்து விலக்கில் இருக்கும் அவருடைய மேட்டு நிலத்தைத் தானமாக எழுதிவைத்து, வாசலில் பேர் வெட்டிய கல்லும் நடப்போகிறாராம். ஆனால் தார் ரோட்டிலிருந்து அந்த மேட்டுக்குப் போக வேண்டுமானால் நடுவே என் அப்பா எனக்குச் சீதனமாகத் தந்த கரிசல் துண்டு கிடக்கிறது. அதை விட்டால் ஓடையைச் சுற்றித்தான் போகவேண்டும். ஐப்பசி மழை ஒன்று பெய்தால் அந்தப் பக்கம் மாட்டு வண்டியே அச்சு வரைக்கும் புதையும், தண்ணீர் நிரப்பிய தீயணைப்பு வண்டி என்ன ஆகும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆக வண்டி வெளியே வருவதும் வராததும் என் கையெழுத்தில் இருக்கிறது. இத்தனை வயதுக்கு என் கைக்கு அப்படி ஒரு மதிப்பு வந்திருக்கிறது பார்.

கையெழுத்து வாங்க வந்த நிலையத்து அதிகாரி சத்யபிரியா என்று ஒரு பிள்ளை, காக்கிச் சட்டை, காலில் பூட்ஸ், குனிந்து என் வாசப்படியிலேயே உட்கார்ந்துவிட்டது. ஆச்சி, அந்தக் காலத்துல தீப்பிடிச்சா என்ன செய்வீங்க என்று கேட்டது. சொன்னேன். எல்லாம் பனையோலைக் கூரை, பங்குனியில் மேகாத்து அடிக்கும்போது ஒரு பொறி போதும். தப்பு மேளம் அடிக்கிற சத்தம் கேட்டதும் சோற்றில் கை வைத்தவன் அப்படியே எழுந்து வரவேண்டும், கை கழுவுகிற தண்ணீரையும் நெருப்புக்குக் கொண்டு வா என்று பெரியவர்கள் ஏசுவார்கள். பொம்பிளைகள் ஊருணியிலிருந்து வரிசையாக நின்று குடம் கைமாற்றுவோம், ஆம்பிளைகள் நனைந்த சாக்கை எடுத்துக்கொண்டு கூரை மேல் ஏறுவார்கள். எரிகிற வீட்டை யாரும் பார்க்கமாட்டார்கள், அது போனது போனதுதான். காற்று போகிற பக்கம் அடுத்த வீட்டுக் கூரையைத் தொரட்டி போட்டு இழுத்துத் தள்ளுவார்கள், நெருப்பு தாவாமலிருக்க. அந்த வீட்டுக்காரி மண்ணை வாரித் தூற்றுவாள், இருந்தாலும் இழுப்பார்கள். மறுநாள் ஊரே ஆளுக்குக் கொஞ்சம் ஓலை கொடுத்து அவளுக்கு வேய்ந்து கொடுக்கவேண்டும், அது ஊர்க் கட்டுப்பாடு. அப்படி இழுத்த கூரையில் எங்கள் அம்மா வீடும் ஒன்று. ஓலை தராதவர்கள் யார் யார் என்று அம்மா சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள், இப்போது நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு கோவில்பட்டியிலிருந்து மணியடித்துக்கொண்டு சிவப்பு வண்டி வர ஆரம்பித்தது. முதல் தடவை வந்தபோது மாடெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின, பொம்பிளைகள் குலவை போட்டு டயருக்குக் குங்குமம் வைத்தோம், தீ அங்கன எரியுது தாயி, என்னைய விடுங்க என்று டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் வருகிறவர்களுக்கு வழி தெரியாது. அதனால் ஊர் ஒரு வழக்கம் வைத்தது. தீ என்று தபாலாபீஸிலிருந்து போன் போட்டவுடனே ஓர் ஆள் ஓடைமரத்து விலக்கில் போய் நிற்கவேண்டும். வெள்ளைத் துண்டை வீசி எந்தப் பக்கம் என்று காட்டவேண்டும். கண்டவன் நின்றால் குழப்பம் என்று அந்த மரியாதையை மகாராஜா வீட்டுக்கு என்று விட்டார்கள். துண்டு வீசுகிற வீடு என்றே பேர். திருவிழாவில் அதற்காக அவர்களுக்கு ஒரு மாலை தனியாக விழும்.

அதற்கு மேல் நடந்ததை அந்தப் பிள்ளையிடம் நான் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், நீ அப்போது இடுப்புக் குழந்தை. உன் அக்கா சீனித்தாய் விலக்குக்கு இடதுபக்கமிருந்த தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள், தீக்குச்சியைச் சட்டத்தில் அடுக்குகிற வேலை, அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். பங்குனி, மத்தியானம், அடுக்கிய சட்டம் ஒன்று சரிந்து உரசிப் பற்றிக்கொண்டது. கதவோரம் இருந்த பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள், இவள் உள்ளே ஜன்னல் பக்கம். பொறி பறந்து வலதுபக்கம் மகாராஜா களத்தில் சோளத்தட்டை அடுக்கிய படப்பிலும் விழுந்தது. வண்டி சீக்கிரமாகத்தான் வந்தது, அவர்களைக் குறை சொல்லமாட்டேன். மகாராஜா விலக்கில் நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. வலதுபக்கம் வீசினார். வெளியூர் டிரைவர், புகையும் அந்தப் பக்கம்தான் அதிகம், திருப்பிவிட்டார். இருந்த தண்ணீரெல்லாம் படப்பில் கொட்டியது. பிறகு யாரோ கூப்பாடு போட்டு வண்டி இந்தப் பக்கம் வந்தபோது குழாயில் காற்றுத்தான் வந்தது. ஊருணியில் குழாயை விட்டால் பங்குனிச் சேறு. நாங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடத்தால் ஊற்றிக்கொண்டே இருந்தோம். ஜன்னல் கம்பியைப் பிடித்த கை கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

படப்பு பாதிக்கு மேல் பிழைத்தது. அந்தக் கோடை முழுக்க அவர் மாடுகள் அந்தத் தட்டையைத்தான் தின்றன. அவை போட்ட சாணியை மிதித்துக்கொண்டு நான் தண்ணீருக்குப் போனேன். ஊர்க்கூட்டத்தில் கேட்டபோது மகாராஜா சொன்னார், பிள்ளைய எல்லாம் வெளியே வந்துட்டுன்னு நெனச்சேன், வாயில்லாச் சீவன் களத்துல கட்டிக் கெடந்துச்சு என்று. ஊர் தலையை ஆட்டியது. உன் அப்பாவும் ஆட்டினார். விதி மீனாச்சி, அவிய என்ன செய்வாவ என்றார். அடுத்த தையில் மகாராஜா மகள் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து உன் அப்பாவுக்கு நான் கையால் சோறு போட்டதில்லை. பானை இருக்கும் இடத்தைக் காட்டுவேன். நோவில் படுத்தபோதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் ஊட்டியது. அம்மாவுக்குக் கல்நெஞ்சு என்று நீ மருமகளிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கல் என்றால் கல்தான், கல் நெருப்பில் வேகாது.

இனி போன வெள்ளிக்கிழமை நடந்ததைக் கேள். நான் சத்யபிரியாவிடம் சொல்லிவிட்டிருந்தேன், கையெழுத்துப் போடுதேன், ஆனா வண்டிய ஒரு தடவ நம்ம ஊருக்குக் கொண்டா, மகாராஜா விலக்குல நின்னு துண்டு வீசணும், இடதுபக்கம் வீசணும் என்று. அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை, ஊர்க்காரர்களிடம் விசாரித்திருக்கிறது, பிறகு வந்து, ஆச்சி, அவியளுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து ரெண்டு வருஷம் ஆச்சாம், பாவம் இல்லையா என்றது. கை விழுந்தா துண்டும் சேந்தா விழுந்துபோச்சு என்று கேட்டேன். எழுந்து மகாராஜா வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ஊரே ஓடைமரத்தடியில். மகாராஜாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள், பக்கத்தில் மகன் அருண்பாண்டியன், ராத்திரி முழுக்க அழுதிருப்பான் போல, மூஞ்சி வீங்கியிருந்தது. மகாராஜாவுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்து எச்சில் வடிந்தது. வண்டி மணியடித்துக்கொண்டு வந்து விலக்கில் நின்றது. அருண்பாண்டியன் துண்டை எடுத்தான், அவருக்காகத் தான் வீசப் போனான். ஏலே, அத அவர் கையில குடு, அன்னைக்கு வீசுன கையில என்றேன். அவர் இடது கையால் வலது கையைத் தூக்கினார், அந்தக் கையில் துண்டைச் செருகினார், அது நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தார்கள், மறுபடி விழுந்தது. மெதுவா வீசும், எங்களுக்கு அவசரமில்ல, அன்னைக்குத்தான் அவசரம் என்றேன். சிரிக்க வந்த ஒரு பையல் என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். கடைசியில் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு மனுசன் தலையை இடதுபக்கம் திருப்பினார். திருப்பித் திருப்பிக் காட்டினார். கண்ணில் தண்ணீர் ஓடியது. அழாதேயும், துண்டு நனைஞ்சா வண்டிக்காரருக்குத் தெரியாது என்றேன்.

வண்டி இடதுபக்கம் போனது. அங்கே இப்போது என்ன இருக்கிறது, சீமைக்கருவேலம், நடுவில் ஒரு கரிந்த சுவர். எங்க அடிக்கணும் ஆச்சி என்று கேட்டார்கள். அந்தச் சுவத்துல அடிங்க என்றேன். அடித்தார்கள். தண்ணீர் தீரும்வரைக்கும் அடித்தார்கள். சுவரில் கரி கரைந்து கறுப்பாக ஓடியது. நான் அழவில்லை. ஊர் அழுதது, அவர்கள் அன்றைக்கு அழாததை இன்றைக்கு அழுதுகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதோடு முடிந்திருக்கும். கையெழுத்துப் போடப் பேப்பரை வாங்கினேன், அப்போதுதான் அருண்பாண்டியனுக்குத் தாங்கவில்லை. பெரியம்மா, போதுமா, எங்க அப்பாவ நாயாக் கொண்டாந்து நிறுத்திட்டீங்க, ஒங்க மகன் மஸ்கட்டுல நெருப்பணைக்கிற வேல பாக்கானே, அந்த விசா எடுத்துக் குடுத்ததே எங்க அப்பாதான், இன்னைக்கு வரைக்கும் சௌந்தரம் என்னைய அண்ணாச்சி அண்ணாச்சின்னு மாசாமாசம் போன் பண்ணுதான், கேட்டுப் பாருங்க என்று கத்தினான். ஊர் என்னைப் பார்த்தது. நான் மகாராஜாவைப் பார்த்தேன். அவர் மகனை அதட்டுகிற மாதிரி என்னமோ குழறினார், அதனால் அது நிசம் என்று தெரிந்துகொண்டேன். விசா எடுத்துத் தந்தது கோவில்பட்டியில் தெரிந்த ஏஜெண்டு என்று நீ அன்றைக்கு என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாயே, ராசா. அவர் நீட்டிய கையில் வாங்கித் தின்றுகொண்டுதான் பழசை விடும்மா, பழசை விடும்மா என்றாயா. அக்கா போட்டோவை மாட்டி விளக்கேற்றுகிறோம் என்று மருமகள் படம் அனுப்புகிறாளே, அந்த விளக்குக்கு எண்ணெயும் அந்த வீட்டுக் காசா.

உடனே என் கையில் இருந்த பேப்பரைக் கிழிப்பேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வலதுபக்கம் திரும்பிப் பார்த்தேன், அந்தப் பழைய களத்தில் இப்போது புதுத் தீப்பெட்டி ஆபீஸ், வேடிக்கை பார்க்க வேலையை விட்டுப் பிள்ளைகள் ஜன்னலோரம் நின்றார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சத்யபிரியா குனிந்து முதுகைக் கொடுத்தது, அதன் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். மீ என்ற எழுத்து சரியாக விழவில்லை, பரவாயில்லை என்றார்கள்.

ஆனால் அந்தப் பாதையை வண்டிக்குத்தான் கொடுத்தேன், இதையும் அங்கேயே எல்லார் காதிலும் போட்டுவிட்டுத்தான் வந்தேன். மகாராஜாவைத் தூக்கிக்கொண்டு போனாலும் ஓடையைச் சுற்றித்தான் தூக்கவேண்டும், திறப்பு விழாவுக்கானாலும் சரி, அதற்கு அப்புறம் ஆனாலும் சரி. யார் கேட்கிறார்கள் என்று பார்ப்பேன், எனக்கு வாசலில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

பேத்தி ஐஸ்வர்யா பரீட்சை நல்லபடியாக எழுதட்டும், காளியம்மா அவளுக்கு நீண்ட ஆயுசு கொடுக்கட்டும், மருமகளுக்கும் என் ஆசீர்வாதம். ராத்திரி கேஸ் வால்வை மூடிவிட்டுப் படுங்கள், பிள்ளை படுக்கிற அறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போடவிடாதே, ஜன்னலுக்குக் கம்பி வைத்த வீடென்றால் வேறு வீடு பார். கடலை மிட்டாய் ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன், அது பேத்திக்கு, உனக்கில்லை. பொங்கலுக்கு லீவு கேட்டிருப்பதாகச் சொன்னாய். வா. வரவேண்டாம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குக் குறுக்கு வழி என்று அந்தப் புதுப் பாதையில் கால் வைக்காதே, நீயும் ஓடையைச் சுற்றித்தான் வரவேண்டும். மார்கழி ஈரம் காயாது, கரிசல் காலைப் பிடிக்கும். பிடிக்கட்டும். உதறாமல் அப்படியே வீட்டுவாசல் வரைக்கும் நடந்து வா.

சீனித்தாயைப் பெற்றவளும்
உன்னையும் பெற்றவளுமான
மீனாட்சியம்மாள்