கோழியைச் சாப்பிடு, பாட்டைக் கேட்காதே

ஆன்யாங்
நவம்பர், ஞாயிறு மதியம்

அன்புள்ள கராம் அண்ணாவுக்கு,

காய்ச்சல் இல்லாமலும் கால்விரல்கள் மரத்துப்போகாமலும் நீ இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். உங்கள் முகாம் பக்கம் பனி விழத் தொடங்கிவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். அம்மா அனுப்பிய கம்பளிக் காலுறையைப் பத்திரப்படுத்தாமல் போட்டுக்கொள்.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் இருமத் தொடங்கியதும் நீ அவசரமாக, "சேபோம் பாடிட்டாளா?" என்று மட்டும் கேட்கிறாய். அம்மாவும், "பாடிடுவாடா, நீ நேரத்துக்குச் சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். நடுவில் எனக்கு இடமே கிடைப்பதில்லை.

வீட்டில் எல்லோரும் நலம். அப்பாவின் சலவைக் கடைக்குக் குளிர்கால மேலங்கிகள் மலைபோல் வந்து குவிகின்றன. குளிர்காலத்துக்கான கிம்ச்சியைப் போன வாரம் போட்டு முடித்தோம். சேபோம் அக்காவும் உட்கார்ந்தாள். மிளகாய் விழுது பூசிய கையுறையோடு, மடியில் முட்டைக்கோசை வைத்துக்கொண்டே தூங்கிவிட்டாள். பக்கத்து வீட்டு அத்தை, "பாருங்கடி, நாடே கொண்டாடுற பாட்டுக்காரி கோசுக்குத் தாலாட்டு பாடுறா" என்று கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தோம். அக்கா எழுந்திருக்கவில்லை. அவள் இப்போதெல்லாம் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுகிறாள். ஆனால் எழும்போது தூங்கியவள் மாதிரி இருப்பதில்லை.

நீ கட்டாய ராணுவச் சேவைக்குக் கிளம்புவதற்கு முன் உன் குரலிலேயே மாதிரி பாடி வைத்துவிட்டுப் போன பாட்டுகளைப் பற்றித்தான் எழுத வந்தேன். "நான் இல்லாதப்பவும் நம்ம பாட்டுக் குழு 'மூன்றாம் மாடி' பேசாம இருக்கக் கூடாது. என் தங்கச்சி தனியா நிக்கக் கூடாது" என்று சொல்லி, இரவும் பகலும் உட்கார்ந்து பதிவு செய்தாயே. அதைவிடப் பெரிய அன்பை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அது அன்புதான். ஒவ்வொரு பாட்டாக அக்கா காதில் உன் குரலைக் கேட்டபடி பாடினாள், வெளியிட்டார்கள், மக்கள் கேட்டார்கள். கடைசிப் பாட்டில் மட்டும் நின்றுவிட்டாள்.

தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அம்மா தொண்டைக்கு நல்லது என்று தொராஜி வேரைத் தேனில் ஊறவைத்துக் கொடுத்தாள். உங்கள் குழுவின் மேலாளர் பியோன் ஒருநாள் பொறுமை இழந்து, "உங்க அண்ணன் அங்க துப்பாக்கி தூக்கிட்டு நிக்கறான், உனக்கு மைக் தூக்க முடியலையா?" என்று கேட்டாராம். அக்கா, "துப்பாக்கிய எறக்கி வைக்க அவனுக்குத் தேதி குடுத்திருக்காங்க சார். எனக்கு?" என்றாளாம். மேலாளரே இதை அம்மாவிடம் புகாராகச் சொன்னார்.

நேற்று சனிக்கிழமை, பள்ளி இல்லை என்பதால் அக்காவோடு நானும் மாபோவில் இருக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன். ஓரத்தில் அமர்ந்து படிக்கலாம் என்று நூலகப் புத்தகத்தையும் எடுத்துப்போனேன். ஒரு பக்கம்கூட ஓடவில்லை.

யோம் என்று ஒரு புதிய ஒலிப்பதிவாளர் வந்திருக்கிறார். மிகவும் சுத்தம் பார்ப்பவர். உன் ராணுவச் சேவை முடியும் நாளில் உங்கள் இருவர் குரலோடும் இந்தப் பாட்டை வெளியிட வேண்டும் என்பது மேலாளரின் திட்டம். அதற்காக உன் மாதிரிப் பதிவைத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தார் யோம். அக்கா ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு நின்றாள். இசை தொடங்கியது. அவள் வாயைத் திறக்கவில்லை. மறுபடி போட்டார்கள். இந்தமுறை பிந்திவிட்டாள். அடுத்தமுறை முந்திவிட்டாள். மழலையர் பள்ளிக் குழந்தைகூடச் சரியாகத் தொடங்கும் வரி அது. கண்ணாடிக்கு இந்தப்பக்கம் மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அப்போது யோம், "கராம் தம்பியோட மூச்சுச் சத்தத்த எல்லாம் எடுத்துட்டேன், அதனால இருக்குமோ?" என்று தயங்கிக் கேட்டார். "அந்தக் கண்றாவிய முதல்ல திரும்பப் போடுய்யா" என்றார் மேலாளர்.

போட்டார். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் நீ மெல்ல மூச்சு இழுக்கும் சத்தம். அவ்வளவுதான், அண்ணா. அக்கா அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிற்கவே இல்லை. யோம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

நம் பழைய குடியிருப்பின் மாடிப்படி உனக்கு நினைவிருக்கும். மூன்றாம் மாடியில் எதிரொலி நன்றாக இருக்கும் என்று நீயும் அக்காவும் அங்கே உட்கார்ந்து பாடுவீர்கள். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்து அப்பாவின் கைபேசியில் பதிவு செய்வேன். பக்கவாத்தியம் கிடையாது. குட்டியாக இருந்த அக்காவுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது என்பதால் நீ சத்தமாக மூச்சு இழுத்துக் காட்டுவாய். மேடை வந்தது, விருது வந்தது, நீங்கள் இருவரும் வளர்ந்தீர்கள். அந்த மூச்சு மட்டும் அப்படியே இருந்திருக்கிறது. எங்கள் யாருக்கும் தெரியவில்லை. உனக்குமே தெரிந்திருக்காது.

மேலாளர் கைதட்டிக்கொண்டே உள்ளே ஓடினார். அக்கா காதில் இருந்ததைக் கழற்றி, வயரைச் சுருட்டி, மெதுவாக மேசைமேல் வைத்தாள். "சார், இப்பப் பாடினது நான் இல்ல" என்றாள். "பின்ன நானா?" என்று அவர் சிரித்தார். அவள் என் பையைத் தானே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "வா தான்பி, போகலாம்" என்றாள்.

ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், காசு போட்டுப் பாடும் சின்னப் பாட்டு அறைகள் இருக்கும் கடை முன் நின்றாள். உள்ளே போனோம். அப்பா கஷ்கொட்டை உரிக்கும்போது முனகுவாரே, அந்தப் பழைய காதல் பாட்டைத் தேர்ந்தெடுத்தாள். இசை வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டாள். பிறகு இசையைத் துரத்திக்கொண்டு ஓடினாள். கணக்குப் பரீட்சையில் எனக்குக் கிடைப்பது போன்ற மதிப்பெண்ணை இயந்திரம் கொடுத்தது. "கராம் கேட்டிருந்தா மயக்கம் போட்டு விழுந்திருப்பான்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "ஆனா, ஆரம்பிச்சது நான்தானே?"

ஆமாம் என்றேன்.

பிறகு, "எனக்கு ரொம்ப அசதியா இருக்குடி. அவன்கிட்ட சொல்லாத. அங்க பனியில நின்னுக்கிட்டு, இத நினைச்சே உருகிடுவான்" என்றாள். இதை உன்னிடம் மறைப்பது உங்கள் இருவருக்குமே நல்லதில்லை என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிறு மேலாளர் பியோன் உன்னைப் பார்க்க முகாமுக்கு வருகிறார். இந்தப் பதிவையும் கொண்டுவருவார். பாட்டு எழுதியவன் நீ. அதனால் உன் சம்மதம் இல்லாமல் வெளியிட முடியாது. நீ சரி என்றால் நீ சேவை முடிந்து வரும் அன்றே பாட்டு வெளிவரும், அடுத்த வாரமே பூசான் தொடங்கி ஊர் ஊராகக் கச்சேரி. சுவரொட்டிகூட அச்சாகிவிட்டது. அதில் அக்கா சிரிக்கிறாள். போன வருடத்துப் படம்.

பொரித்த கோழி வாங்கி வருவார். கோழியைச் சாப்பிடு, உன் கூட இருப்பவர்களுக்கும் கொடு. பாட்டை மட்டும் கேட்காதே. கேட்டால் மறுக்க உன்னால் முடியாது. அவ்வளவு நன்றாக இருக்கிறது அது. கேட்காமலேயே வேண்டாம் என்று சொல்லிவிடு. அவர் கோபித்தால் கோபிக்கட்டும். அம்மா அழுதால் நான் பார்த்துக்கொள்கிறேன். இதை அக்கா சொன்னால் 'மூன்றாம் மாடி'யை இடித்தவள் என்று நாடே பேசும். நீ சொன்னால் ஒரு பாட்டு நின்றுபோகும், அவ்வளவுதான்.

அவள் மறுபடி பாடுவாளா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது, அண்ணா. அவளுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் வரை சும்மா இருக்க அவளை யாரும் விட்டதில்லை.

நீ வெளியே வரும் நாளில் நாங்கள் எல்லோரும் முகாம் வாசலில் நிற்போம். அக்காவும் வருவாள். உன்னைப் பார்த்ததும் அவளுக்கு என்ன சொல்வது, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பாள். அப்போது பழக்கதோஷத்தில் மூச்சு இழுத்துக் காட்டிவிடாதே. குளிராக இருந்தாலும் கொஞ்சம் நில். நேரமாகும். அவளே தொடங்கட்டும்.

தலையைப் போர்த்திக்கொண்டு தூங்கு. உனக்கு ஒரு குறையும் வராது.

உன் அன்புத் தங்கை,
தான்பி