ஸ்கேல் இறக்கிய மாஸ்டருக்கு

மாஸ்டர்,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சான்பாடாவில் காவ்யா வீட்டு ஹாலில் உங்கள் பென் டிரைவைச் செருகினோம். உங்கள் சம்சாரம் கொடுத்தது. "இதுல மேடம் பாட்டெல்லாம் கெடக்குன்னு சொல்லுவாவ. நீங்களே வச்சுக்கிடுங்க" என்று என் கையில் திணித்தார். நீங்கள் கண்ணை மூடினதிலிருந்து அது என் கைப்பையில், ரயில் பாஸோடு கிடந்தது. காவ்யாவை உங்களுக்குத் தெரியாது. பகலில் பேங்க் வேலை, சனி ஞாயிறு கீபோர்டு. தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவளுடைய கீபோர்டும் உங்கள் பெட்டியின் அதே கம்பெனிதான் என்பதால் எல்லாம் திறந்துகொண்டது. திரையில் ஆங்கில எழுத்தில் 'மேடம் 1', 'மேடம் 2' என்று வரிசையாக வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பாடின பாட்டையெல்லாம் இந்த மனுஷர் இப்படி அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாரே என்று.

அந்தக் கண்ணீரைத் திருப்பிக் கொடுங்கள், மாஸ்டர்.

'மேடம் 5' என்பதிலிருந்து, நாம் கடைசியாகச் செய்த கச்சேரியின் முதல் பாட்டை அவள் எடுத்தாள். பல்லவி எப்படியோ ஓடியது. சரணத்தில் மேலே போகிற இடத்தில் என் குரல் கிழிந்தது. வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி பாடினேன். மறுபடியும் அதே இடம், அதே கிழிசல். ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காவ்யா திரையை உற்றுப் பார்த்தாள்.

"அய்யோ ஆன்ட்டி, சாரி! என் மிஸ்டேக். சார் இதை மைனஸ் ஃபோர்ல சேவ் பண்ணியிருக்கார். என் செட்டிங்ல அது லோட் ஆகல, ஜீரோலயே ஓடிட்டிருக்கு. ஏக் மினிட்."

ஒரு பட்டனை நாலு தடவை தட்டினாள். வாசிக்கிற விரல் பழைய இடத்திலேயே ஓட, பெட்டி மட்டும் நாலு படி இறங்கி ஒலித்தது. இப்போது பாடினேன். வெண்ணெய் மாதிரி வந்தது. "வாவ் ஆன்ட்டி" என்று அவள் கைதட்டினாள். நான் மற்றதையும் திறக்கச் சொன்னேன். 'மேடம் 1' ஜீரோ. 'மேடம் 2' மைனஸ் ஒன்று. அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது மூன்று. என் தொண்டை வயதாகி இறங்கின ஒவ்வொரு படிக்கும் நீங்கள் ஒரு பைல் போட்டு வைத்திருக்கிறீர்கள். எனக்கு மட்டும் தகவல் இல்லை.

நாம் ஆரம்பித்தபோது மேடையில் எட்டுப் பேர். நீங்கள் முதன்முதலில் தாராவியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த கீபோர்டு குழந்தைகள் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. ஒல்லி ஒல்லிக் கட்டைகள், அடியில் ஆறு பேட்டரி. தாளத்துக்கு ரும்பா, வால்ட்ஸ், டிஸ்கோ என்று பத்துப் பட்டன். எதை அமுக்கினாலும் தகர டப்பாவில் மழை பெய்கிற சத்தம். நம் டிரம்ஸ்காரர் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பெரிய கட்டை வைத்தது வந்தது, இடது கையில் மூன்று விரலை வைத்தால் பேஸும் கிட்டாரும் தானாகக் கூடவே ஓடும். அந்த வருஷம் பேஸ் கிட்டார் போனது. அப்புறம் பாட்டைப் பதிந்து வைக்கிற பிளாப்பி வந்தது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அதையெல்லாம் அரிசி போட்ட டிபன் டப்பாவில் வைத்திருப்பீர்கள். நான் பசியில் ஒரு தடவை உங்கள் டப்பாவைத் திறந்துவிட்டு, "என்ன மாஸ்டர், ஆத்துல இன்னிக்கு பிளாப்பி சாதமா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? பென் டிரைவ் வந்த கையோடு டோலக்கும் தவிலும் உறுமியும் பெட்டிக்குள் குடியேறிவிட்டன. எட்டு ஆறாயிற்று, ஆறு மூன்றாயிற்று. காவ்யாவினுடையது இன்னும் மோசம். முதுகில் மாட்டிக்கொண்டு லோக்கல் ரயிலில் ஏறிவிடுகிறாள், பாட்டு வரிகூட அதன் திரையிலேயே ஓடுகிறது.

நான் எதற்கும் கவலைப்படவில்லை. பெட்டிக்குத் தாளம் வரும், வயலின் வரும், வாய் வராதே என்று தெனாவட்டு. பெட்டி என்னிடமும் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உல்லாஸ்நகர் கல்யாணத்தில் பாடிவிட்டு மத்தியான ரயிலில் திரும்பினோமே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. லக்கேஜ் கம்பார்ட்மெண்டில் மீன் கூடைகளுக்கு நடுவில் பெட்டியை நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அன்று நமக்கு முன்னால் பாடின அம்மாள் மேலே எட்டாமல் கத்தினதைப் பார்த்து நான் பயந்துபோயிருந்தேன். "என்னிக்கு ரெக்கார்டுல இருக்கற ஒரிஜினல் ஸ்கேல் எனக்கு எட்டலையோ, அன்னிக்கு மைக்கைக் கீழே வெச்சுடுவேன், மாஸ்டர். நமக்கே நம்ம குரல் தெரியாது. மத்தவாளும் முகத்துக்கு முன்னாடி சொல்ல மாட்டா. நீங்கதான் சொல்லணும்" என்றேன். நீங்கள் பெட்டி உறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். "சத்தியமாச் சொல்லுதேன் மேடம். நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

வேறு யாரும்தான் சொல்லவில்லை.

கலர் திரை வைத்த பெட்டி வாங்கின புதிதில் அதன் ஒரு மூலையில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தீர்கள். என்ன இது என்று கேட்டதற்கு, "அந்த எடத்துல டிஸ்ப்ளே போயிருச்சு மேடம், கண்ணக் கூசுது" என்றீர்கள். நான் அதை நம்பினேன். ரிப்பேர் பண்ணக்கூடக் காசில்லாமல் மனுஷர் கஷ்டப்படுகிறாரே என்று பரிதாபப்பட்டேன். எத்தனை இறக்கியிருக்கிறது என்ற எண் அந்த மூலையில்தான் வரும் என்பதைக் காவ்யாவின் திரையில்தான் பார்த்தேன். கச்சேரிக்குக் கச்சேரி நான் மைக்கில், "இந்தப் பாட்டை ஒரிஜினல் ஸ்கேலிலேயே பாடறேன்" என்று சொல்வேனே, அப்போது நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டே அந்த டேப்பைத் தடவுவீர்கள். பழக்கதோஷம் என்று நினைத்தேன்.

அதையாவது விடுகிறேன். வசந்தாவை எப்படி விடுவது? செம்பூர் பொங்கல் விழாவுக்குக் கல்யாண் ஊரிலிருந்து பாட வந்தாளே, அந்த வசந்தா. பாவம், ஒத்திகையில் உங்கள் பக்கம் குனிந்து, "மாஸ்டர், ரெண்டு இறக்கி வெக்கறேளா?" என்று ரகசியமாகத்தான் கேட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா! "இறக்கித்தான் பாடணும்னா ஆத்துலயே பாடிக்கலாமே, மேடை எதுக்கு?" என்றேன், நாலு பேர் காதில் விழ. அவள் முகம் செத்துப்போயிற்று. பைலில் இருக்கிற தேதிப்படி, அன்று என் பாட்டு மைனஸ் இரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கேட்டதும் அதே இரண்டுதான். நீங்கள் நடுவில் நின்றுகொண்டு ஒயரைச் சுருட்டினீர்கள்.

பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்தவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும் என்று, பைல்களைப் பார்த்த மறுநாள் தாராவிக்குப் போய் ராஜமணியைத் தேடினேன். நம் தபலாக்காரர், இப்போது தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். நீங்கள் அவரை நிறுத்தினபோது நான் உங்களோடு ஒரு மாதம் பேசவில்லை. "காலம் மாறிப்போச்சு மேடம், பொட்டிக்குள்ளயே தபலா இருக்கு" என்றீர்கள். பழியெல்லாம் பெட்டி மேல் போட்டு நானும் சமாதானமாகிவிட்டேன். ராஜமணி என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, டீ வரவழைத்து, நான் கேட்டதற்கெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"பொட்டியாலயா என்னைய நிப்பாட்டுனாரு? இல்லக்கா. ஒங்க ஸ்கேல எறக்குனா என் தபலாவையும் எறக்கணும்லா? மொதத் தடவ சுத்தியால தட்டி எறக்கிட்டேன். அடுத்த தடவ வேற தபலா கொண்டாரச் சொன்னாரு. அப்பச் சொன்னேன், அண்ணே, அக்காட்டச் சொல்லிருங்க, இல்லன்னா நானே சொல்லிருவேன்னு. அதோட என்னையக் கூப்புடல."

"அப்புறமாவது நீங்க எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, ராஜமணி?"

"எப்படிக்கா சொல்ல? வீட்டுக்கு வந்து அழுதாரு. சொன்னா மேடம் பாடுறத நிறுத்திருவாவ, அப்புறம் நான் என்னல செய்வேன்னு."

அழுதீர்களாம்! எனக்காகவா, உங்களுக்காகவா? பாட ஆளில்லாமல் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கல்யாணத்துக்குப் போவது என்ற பயமா? இரண்டும்தான் என்று நீங்கள் சொல்வீர்கள், எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லியிருந்தால் நிஜமாகவே நான் நிறுத்தியிருப்பேன், அதுவும் எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் நான் பாடினதே உங்கள் பொய்யில்தான். ஆனால் பாடுவதா நிறுத்துவதா என்பது என் தொண்டை, என் முடிவு. அதை எடுத்து உங்கள் பெட்டிக்குள் போட்டுப் பூட்ட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஒரு மனுஷரின் பிழைப்பைக் கெடுத்து, ஒருத்தியை என் வாயாலேயே அவமானப்படுத்த வைத்து, என்னை மட்டும் மேடையில் ராணி மாதிரி நிறுத்தினீர்கள். நான் உங்களிடம் கேட்டது அதுவா?

வசந்தாவுக்குப் போன் பண்ணினேன். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது, போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அன்னியிலிருந்து நான் பாடறதில்லையே" என்றாள். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நேற்றுச் செம்பூரில் கச்சேரி. நானும் காவ்யாவும் மட்டும். வர மாட்டேன் என்று இரண்டு தடவை சொல்லி, கடைசியில் போனேன். வழக்கமாக ஒரிஜினல் ஸ்கேல் பெருமை பேசுகிற இடத்தில், "எனக்கு வயசாயிடுத்து. இந்தப் பாட்டை நாலு இறக்கிப் பாடறேன்" என்றேன். யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். முன்வரிசை மாமி விசிறிக்கொண்டிருந்தாள். ஒருத்தர் பேரனுக்கு வடை ஊட்டிக்கொண்டிருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, மாஸ்டர். பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்றுதான் பார்த்தார்கள். பாடினேன். எப்போதும் தட்டுகிற அளவுக்குத் தட்டினார்கள்.

முடித்ததும் வழக்கம்போல இடது பக்கம் திரும்பினேன். பாட்டு முடிந்தால் உங்கள் முகத்தைப் பார்ப்பது என் கழுத்துக்கே பழகிவிட்டது. "அருமை மேடம்" என்பீர்கள். நீங்கள் சொன்ன அத்தனை அருமையையும் நான் இன்னும் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். எது நிஜம், எது பொய் என்று பிரித்துச் சொல்லத்தான் ஆளில்லை. சண்டை போடவாவது நீங்கள் இருந்திருக்கலாம்.

இடது பக்கம் காவ்யா உட்கார்ந்திருந்தாள். பெட்டியிலிருந்து கையை எடுக்காமலே, "ஆன்ட்டி, செகண்ட் சரணத்துல கொஞ்சம் சுருதி எறங்கிடுச்சு. அடுத்த பாட்டுல பாத்துக்கோங்க" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் என்று நினைத்து அந்தப் பெண் பயந்துபோய் சாரி சாரி என்றாள். இல்லை என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த ஒரு வார்த்தையைத்தான் மாஸ்டர், அந்த ரயிலில் நான் உங்களிடம் கேட்டிருந்தேன்.