பாப்பாத்தியின் கைநாட்டு

என் செல்ல நங்கைக்கு,

உங்கள் வீட்டுக்காரர், என் அண்ணன், சௌக்கியம். நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதமாகியும் காப்பியில் சர்க்கரையை ஒளித்து ஒளித்துத்தான் போட்டுக்கொள்கிறார். யாருக்குப் பயந்து என்று கேட்டால் சிரிக்கிறார்.

எனக்கு ஒரு விருது தருகிறார்களாம். பல நாடுகளில் பெண்களின் வைத்தியத்துக்கு உதவும் அறக்கட்டளையை இத்தனை வருடம் நடத்தியதற்காக. "பிளேன் ஏறி ஏறிப் போயி அப்படி என்னதான் சாமி பண்றே?" என்பீர்களே, அதற்குத்தான். எங்கள் உதவி பெறும் ஆஸ்பத்திரியில் பெண்ணின் சம்மதமே போதும், புருஷன் கையெழுத்து வேண்டாம் என்ற விதியைப் பெரிதாகப் பாராட்டியிருக்கிறார்கள். படித்ததும் உங்களிடம் ஓடி வரத் தோன்றியது. எங்கே ஓட?

எண்பதுகளின் தொடக்கம். எருமப்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் புது டாக்டர். பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாத்தியை அழைத்து வந்தீர்கள். கர்ப்பப்பையில் கட்டி, நிற்காத உதிரப்போக்கு. அவள் புருஷன் போர்க்கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசம் போய் இரண்டு மாதமாகியிருந்தது. அவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஆபரேஷன் என்று திருப்பி அனுப்பினேன். அங்கே அதுதான் வழக்கம். பெரிய படிப்புப் படித்தவள், மீறப் பயந்தேன்.

நீங்கள் நகரவில்லை. அவளைப் பெஞ்சில் படுக்க வைத்துவிட்டு என் மேசைக்கே வந்தீர்கள்.

"ஏனுங்க டாக்டரம்மா, அவரு வர்ற வரைக்கும் ரத்தம் நிக்குங்களா? அவ ஒடம்புக்கு அவளே கைநாட்டு வெக்கட்டும்."

வீட்டில் வா, போ. கோபம் வந்தால் மட்டும் டாக்டரம்மா! சம்மதப் படிவத்தை எடுத்து நீட்டினேன். அவள் விரலில் மை தடவி அழுத்தியதும் நீங்கள்தான். அன்றே ஆபரேஷன் செய்தேன். பிழைத்துக்கொண்டாள்.

கூத்து அப்புறம்தானே. ரிக் ஆபீஸில் சொல்லித் தந்தி கொடுக்க வைத்திருந்தீர்கள். பதறிப்போன மனிதர் ரிக் லாரியையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். தெருவே அடைத்துக்கொண்டது. ஒரு கையெழுத்து போதாமல் போனால் என்று ரிக் ஆட்கள் அத்தனை பேரும் வாசலில் வரிசை கட்டினார்கள். என்னை உதைக்கப்போகிறார் என்றே நினைத்தேன். பாப்பாத்தி உள்ளே உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்து அவர் அழுதுகொண்டே சிரித்தார். நாமும்தான்.

நங்கை, ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கதையை எத்தனையோ மேடைகளில் சொல்லிவிட்டேன். அதில் துணிச்சலான டாக்டர் நான்தான். திருப்பி அனுப்பியதைச் சொன்னதே இல்லை. உங்களையும் சொன்னதில்லை. ஒரு தடவை சேலத்துக் கூட்டத்தில் நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டீர்கள். எல்லோருக்கும் முந்திக் கைதட்டினீர்கள். பஸ்ஸில் திரும்பும்போதும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

அடுத்த மாதம் விருது மேடையில் என் முதல் பேச்சு இதுதான்: "அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பிய டாக்டர் நான். என்னைத் திருத்தியவர் என் அண்ணன் மனைவி ராமாயி." அதைச் சொல்லாமல் விருதைத் தொட மாட்டேன். இது சத்தியம்.

என்றும் உங்கள் நாத்தனார்,
சரோஜா